பலகையில் ‘என்ஏஎஃப்’ என்று போட்டிருந்தால்: அமெரிக்க ஃபார்மால்டிஹைடு விதி சொல்வதும் சொல்லாததும்

பிளைவுட், மரத்துகளை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டு, மர நாரை ஒட்டி அழுத்திய எம்டிஎஃப் இவற்றை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ‘என்ஏஎஃப்’ என்ற எழுத்துகளை இப்போது அடிக்கடி பார்க்கிறார்கள். ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையால் ஒட்டிய பலகை என்பது அதன் பொருள். வழக்கமான பலகைப் பசைகளில் சேர்கிற, கண்ணையும் மூச்சையும் உறுத்துகிற வாயு அது. இதை வைத்துப் பலரும் இரண்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடே வராது என்பது ஒன்று. தண்ணீர் பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்பது இன்னொன்று. விதி இந்த இரண்டையுமே சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

விதியின் பெயர் டிஎஸ்சிஏ டைட்டில் 6. அமெரிக்காவின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 2010 ஜூலை 7 அன்று சேர்ந்த ஆறாவது பகுதி இது. நடைமுறை விதிகளை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2016 டிசம்பர் 12 அன்று வெளியிட்டது. 2018 ஜூன் 1 முதல் அங்கே தயாராகும் பலகை, வெளிநாட்டிலிருந்து இறங்கும் பலகை, அவற்றால் செய்த மேசை, அலமாரி எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டவை. எந்த ஊரில் செய்தது என்பது கணக்கில்லை, அமெரிக்காவில் விற்பதென்றால் பொருந்தும். ஏற்றுமதிக்குச் சாமான் செய்கிற பட்டறைக்கும், அங்கே குடியிருந்து அலமாரி வாங்குகிற குடும்பத்துக்கும் ஒரே விதிதான்.

இதற்கு முன்னோடி கலிஃபோர்னியா. அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம் 2007 ஏப்ரலில் தன் விதியை ஏற்று, 2009 ஜனவரி 1 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் அறிவித்திருந்தது. அடுத்த வருடமே கத்ரீனா புயல் வந்தது. வீடிழந்தவர்களைத் தங்கவைத்த வண்டி வீடுகளில் கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை என்று புகார்கள் குவிந்தன. 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டி வீடுகளில் காற்றை அளந்தது. சராசரி, நூறு கோடியில் 77 பங்கு. புயலில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்கள், கதவைச் சாத்தினால் கண் எரிகிற பெட்டிக்குள் மாதக்கணக்கில் தூங்கியிருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்ற கோரிக்கை அந்த வேதனையிலிருந்து வலுப்பெற்றது. இந்த விதியை வெறும் ஏற்றுமதித் தாள் வேலையாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

எவ்வளவு வரை அனுமதி?

சோதனை அறைக்குள் பலகையை வைத்து, அதிலிருந்து காற்றில் கலக்கும் ஃபார்மால்டிஹைடை அளக்கிறார்கள். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, அதாவது பிபிஎம், என்பது கணக்கு. ஹார்டுவுட் பிளைவுட்டுக்கு 0.05, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்டிஎஃப்புக்கு 0.11, 8 மில்லிமீட்டருக்கு மேல் போகாத மெல்லிய எம்டிஎஃப்புக்கு 0.13. கலிஃபோர்னியாவின் இரண்டாம் கட்ட வரம்பும் இதே எண்கள்தான்.

வரம்புக்குள் இருக்கிறது என்று தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்ள முடியாது. அங்கீகாரம் பெற்ற மூன்றாம் தரப்புச் சான்றாளர் ஒருவர் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் மாதிரி எடுத்துச் சோதிப்பார். அது போக, ஆலையிலும் தொடர்ந்து சோதனை நடக்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் செய்கிற இடத்தில் ஒவ்வொரு உற்பத்தி வரிசைக்கும் ஷிஃப்டுக்கு ஒரு சோதனை. பிளைவுட்டில் வாரத்துக்கு எத்தனை சதுர அடி ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒன்றிலிருந்து நான்கு வரை. இதற்கெல்லாம் ஆளும் கருவியும் பணமும் வேண்டும்.

சலுகை யாருக்கு?

என்ஏஎஃப் இங்கேதான் உள்ளே வருகிறது. பசையின் பிணைப்பில் ஃபார்மால்டிஹைடு அறவே சேர்க்காமல் பலகை செய்கிறவர், மேலே சொன்ன சான்றிதழ்ச் சோதனைகளிலிருந்து இரண்டு வருட விலக்கு கேட்கலாம். சான்றாளரிடமோ கலிஃபோர்னியா வாரியத்திடமோ விண்ணப்பிக்க வேண்டும். எந்த வகைப் பசை, அதைத் தயாரிப்பவர் யார் என்ற விவரத்தோடு, மூன்று மாத ஆலைச் சோதனை முடிவுகளும் ஒரு அறைச் சோதனை முடிவும் இணைக்க வேண்டும். அந்த மூன்று மாத முடிவுகளில் 90 சதவீதம் 0.04 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. மீதியிலும் ஒன்றுகூட பிளைவுட் என்றால் 0.05ஐ, மற்ற மூன்று வகை என்றால் 0.06ஐத் தாண்டக் கூடாது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஃபார்மால்டிஹைடே சேர்க்காத பலகைக்கு எதற்கு வரம்பு? மரமே தன் இயல்பில் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடை வெளிவிடுகிறது. சூடான அழுத்த இயந்திரத்தில் வைத்தால் இன்னும் கொஞ்சம் வரும். அதனால்தான் சட்டம் ‘ஃபார்மால்டிஹைடு இல்லாத’ என்று எழுதாமல் ‘சேர்க்காத’ என்று கவனமாக எழுதியிருக்கிறது. ‘நூறு சதவீதம் ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று விற்பனைத் தாளில் போடுகிறவர் சட்டம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்.

விலக்கு என்பது சோதனைச் சுமைக்கு மட்டுமே. உமிழ்வு வரம்பு, லேபிள், பதிவேடு எதுவும் போய்விடுவதில்லை. அப்புறம் இன்னொரு முக்கியமான விஷயம்: பசைக் கலவையை மாற்றினாலோ, நடுப்பலகையை மாற்றினாலோ, உமிழ்வு கூடக்கூடிய வேறு மாற்றம் எதையாவது செய்தாலோ, அதற்குப் பின் செய்த சரக்குக்கு விலக்கு செல்லாது. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு லோடு வேறு பசை வாங்கி ஓட்டுகிற பழக்கம் இருந்தால் இந்தச் சலுகையை நாடாமல் இருப்பதே மேல்.

மிகக் குறைவாக உமிழும் ஃபார்மால்டிஹைடு பசைகளுக்கும், உதாரணமாக ஃபீனால் வகைக்கு, ‘யுஎல்இஎஃப்’ என்ற பெயரில் ஒரு சலுகை உண்டு. அதற்கு ஆறு மாதச் சோதனை முடிவு காட்ட வேண்டும்.

ஈரத்துக்கும் வாயுவுக்கும் ஒரே வேர்

வழக்கமான யூரியா ஃபார்மால்டிஹைடு பசை ஏன் வாயு விடுகிறது, ஏன் ஈரத்தில் தளர்கிறது என்பது இரண்டு தனித்தனி கேள்விபோலத் தோன்றும். பதில் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தப் பசையை இறுக்குகிற பிணைப்பு, தண்ணீரும் சூடும் சேர்ந்தால் வந்த வழியே திரும்பிப் பிரிகிறது. பிரியும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது, ஒட்டும் போகிறது. அதாவது பலகை மெல்ல மெல்ல நொறுங்குவதற்கான அறிகுறியாகவும் அந்த வாயுவைக் கொள்ளலாம். பெரிய அறைச் சோதனை 25 டிகிரி வெப்பத்தில், 50 சதவீத ஈரப்பதத்தில் நடக்கிறது. இதைவிடப் புழுக்கமான வீட்டில் இந்தப் பசை அதிகமாக உமிழும். லேபிள் உண்மைதான், ஆனால் அது சோதனை அறையின் உண்மை. ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையில் இப்படிப் பிரிந்து வர எதுவும் இருப்பு இல்லை. சட்டம் அதற்குத் தனி வழி திறந்ததற்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசை எல்லாமே ஈரம் தாங்கும் என்று அர்த்தமில்லை. சட்டம் எடுத்துக்காட்டாகச் சொல்கிற மூன்றையே பார்க்கலாம்.

முதலாவது சோயா. சோயா மாவு மட்டும் பசையானால் நனைந்ததும் விட்டுவிடும். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லீ கடல் பாறையில் அலையடித்தாலும் பிடிவிடாத சிப்பிகளைப் பார்த்து, அவற்றின் புரதம் எப்படி ஒட்டுகிறது என்று ஆராய்ந்தார். நனைந்தாலும் கிழியாத காகிதம் செய்யப் பயன்படுத்துகிற ஒரு ரெசினைச் சோயா மாவோடு சேர்த்து, தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் பசையை அவர் குழு உருவாக்கியது. அதைக் கொண்டு கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் 2005இல் பிளைவுட் செய்யத் தொடங்கியது. 2007இல் இந்த முயற்சிக்குப் பசுமை வேதியியலுக்கான அமெரிக்க அதிபர் விருது கிடைத்தது.

இரண்டாவது பிஎம்டிஐ என்கிற ஐசோசயனேட் பசை. மரத்தோடும் மரத்திலிருக்கும் ஈரத்தோடுமே வினைபுரிந்து இறுகும். அந்தப் பிணைப்பு தண்ணீரில் எளிதாகப் பிரியாது, யூரியா பசையைவிடக் குறைந்த அளவே போதும். மூன்றில் ஈரத்துக்கு நன்றாக நிற்பது இதுதான். தொல்லை என்னவென்றால், அழுத்த இயந்திரத்தின் இரும்புத் தகட்டிலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். இறுகுவதற்கு முன் அதன் ஆவி தொழிலாளரின் மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமா வரை கொண்டுபோகும். டைட்டில் 6 ஃபார்மால்டிஹைடைப் பற்றி மட்டுமே பேசுகிறது, இந்த ஆபத்தைத் தொடுவதில்லை. ஆலைக்குள் காற்றோட்டமும் முகக்கவசமும் முதலாளியின் பொறுப்பு. வாங்குகிறவர் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்க, செய்கிறவர் நுரையீரலை விலையாகக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது பிவிஏ, தச்சர்கள் கையில் புழங்கும் வெள்ளைப் பசையின் குடும்பம். இதன் சாதாரண வகைக்கு ஈரமும் சூடும் ஆகாது. என்ஏஎஃப் முத்திரை இதற்கும் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் சமையலறைக்கோ குளியலறைக்கோ வாங்குகிறவர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஒட்டு எந்த வகை? அமெரிக்க ஹார்டுவுட் பிளைவுட் தரத்தில் டைப் 2 என்றால், துண்டை 4 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து 19 மணி நேரம் உலர்த்துவதை மூன்று முறை செய்து அடுக்கு பிரிகிறதா என்று பார்த்திருப்பார்கள். டைப் 1 என்றால் 4 மணி நேரம் கொதிக்கவைத்து, 20 மணி நேரம் உலர்த்தி, மறுபடி 4 மணி நேரம் கொதிக்கவைத்த சோதனையில் தேறியது. இந்த வகைக் குறி டைட்டில் 6 லேபிளில் வராது, தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வெனீர் ஒட்டுகிற சின்னப் பட்டறைகள்

சான்று பெற்ற பலகை மேல் வெனீர் என்கிற மெல்லிய மரத் தகட்டை ஒட்டி அலமாரி செய்கிறவரை 2024 மார்ச் 22 முதல் சட்டம் ஹார்டுவுட் பிளைவுட் தயாரிப்பாளராகவே எண்ணும். சோதனை, சான்றாளர் எல்லாம் அவர் தலையிலும் வரும். இதிலிருந்து விடுபட வழி உண்டு. அடிப்பலகை சான்று பெற்றதாகவோ என்ஏஎஃப், யுஎல்இஎஃப் விலக்குள்ளதாகவோ இருந்து, வெனீரை ஒட்டும் பசை ஃபார்மால்டிஹைடு சேர்க்காததாகவோ ஃபீனால் வகையாகவோ இருந்தால், அது ஹார்டுவுட் பிளைவுட் என்ற வரையறைக்குள்ளேயே வராது. பிவிஏ போட்டு ஒட்டுகிற பட்டறை இதற்குள் சுலபமாக அடங்கும். பலகை, பசை இரண்டின் வாங்கிய ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கிறது விதி. சின்னத் தொழிலுக்கு இந்த விதியில் இருக்கிற பெரிய உதவி இதுதான், பலருக்கு இது தெரிவதில்லை என்பது வருத்தம்.

லேபிளில் என்ன இருக்கும்? பலகையின் மேலோ பலகைகளைக் கட்டிய கட்டின் மேலோ தயாரிப்பாளர் பெயர், லாட் எண், சான்றாளர் எண், டிஎஸ்சிஏ டைட்டில் 6 சான்று பெற்றது என்ற வாசகம். செய்து முடித்த சாமான் என்றால் செய்தவர் பெயர், மாதமும் வருடமும், விதிக்கு உட்பட்டது என்ற வாசகம். என்ஏஎஃப் என்று போடுவது விருப்பம், கட்டாயமில்லை. பலகையின் பெரிய முகம் 144 சதுர அங்குலத்துக்கு மேல் போகாத சின்னச் சாமானுக்கு லேபிள் தேவையில்லை. 2019 மார்ச் 22 முதல் இறக்குமதியாளர் சுங்கத்தில் தனியாகச் சான்றும் தர வேண்டும்.

கட்டுமானத்துக்கான பிளைவுட், மரச் சீவல்களை ஒட்டி அழுத்திய ஓஎஸ்பி, ஹார்டுபோர்டு, சரக்கு அடுக்கும் மர பாலெட்டுகள் எதற்கும் இந்த விதி பொருந்தாது. ஒருமுறை வீட்டுக்கு வாங்கிப் பயன்படுத்திவிட்டு மறுபடி விற்கிற பழைய சாமானுக்கும் பொருந்தாது, அதில் லேபிள் தேட வேண்டாம்.

விலக்கு இரண்டு வருடத்துக்கு மட்டுமே. முடிவதற்குள் ஒவ்வொரு பலகை வகைக்கும் புதிய சோதனை முடிவு ஒன்றாவது வைத்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வாங்குகிறவர் விலக்கு ஆணையின் நகலைக் கேட்டு, அதில் உள்ள தேதியையும் பலகை வகையையும் தன் கையிலிருக்கும் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.