பத்து சிலபிள், ஐந்து அழுத்தம்

கட்டளைக் கலித்துறை என்ற தமிழ்ப் பா வகைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒற்றுகளை (புள்ளி வைத்த மெய்களை) நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றை விட்டு எண்ணுவது என்றால் உயிரோசைகளை எண்ணுவதுதான். ஆங்கிலத்தில் 'சிலபிள்' என்று எண்ணுவதும் ஏறக்குறைய அதையே. (நம் 'அசை' வேறு: 'பலா' நமக்கு ஓரசை, அங்கே இரண்டு சிலபிள்.)

ஆனால் ஆங்கிலக் கவிதையில் எண்ணிக்கை பாதிக் கணக்குதான். மீதிப் பாதி அழுத்தம். 'பனானா' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது கேளுங்கள். நடுவிலுள்ள 'னா' நீண்டு, சுருதி மாறி, ஓங்கி ஒலிக்கும். முன்னும் பின்னும் உள்ள உயிர்கள் தேய்ந்து வெறும் முனகலாகிவிடும். 'ரெக்கார்ட்' என்ற சொல்லில் முன்பாதியை அழுத்தினால் பெயர்ச்சொல், பின்பாதியை அழுத்தினால் வினை.

1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட் (பதினான்கு வரிக் கவிதை) 'உன்னைக் கோடை நாளோடு ஒப்பிடட்டுமா' என்ற பொருளில் இப்படித் தொடங்குகிறது: ஷல்-ஐ-கம்-பேர்-தீ-டு-அ-சம்-மர்ஸ்-டே. பத்து சிலபிள். ஐ, பேர், டு, சம், டே என ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பாக, அதாவது அழுத்தத்தோடு, வருகிறது. தணிவும் (அழுத்தமில்லாத சிலபிளும்) எடுப்பும் சேர்ந்த இணைக்கு 'ஐயாம்ப்' என்று பெயர். அப்படி ஐந்து வந்தால் ஐயாம்பிக் பென்டாமீட்டர்.

அதே எட்டுச் சொற்களை இடம் மாற்றிப் பார்க்கலாம்: ஷல்-ஐ-டு-அ-சம்-மர்ஸ்-டே-கம்-பேர்-தீ. பொருள் அதேதான். சிலபிளும் பத்துதான். ஆனால் இப்போது எடுப்பு முதலில் வந்துவிட்டது: ஷல், டு, சம், டே, பேர். ஏறி நடந்த வரி இறங்கி நடக்கிறது. இந்த நடைக்குப் பெயர் 'ட்ரோக்கி'.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூல வரியில் 'டு' எடுப்பான இடத்தில் நின்றாலும், வாய்விட்டுப் படிக்கும்போது யாரும் அதை ஓங்கிச் சொல்வதில்லை. தாளம் மனதில் பதிந்துவிட்டதால் காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேச்சுக்கும் தாளத்துக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு விலகல்தான் வரிக்கு உயிர் என்பேன்.

அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாமல், சிலபிளை மட்டும் எண்ணி எழுதியவர்களும் உண்டு. அமெரிக்கக் கவிஞர் மேரியன் மூரின் 'தி ஃபிஷ்' கவிதையில் ஒவ்வொரு பத்தியிலும் வரிகள் 1, 3, 9, 6, 8 சிலபிள். அழகான கட்டமைப்பு, ஆனால் கேட்பவர் காதுக்கு அந்த எண்கள் எளிதில் பிடிபடாது.

ஆங்கிலத் துதிப்பாடல் நூல்களில் 8.6.8.6 போன்ற எண்களைக் காணலாம். வரிகளின் சிலபிள் கணக்கு அது. 'அமேசிங் கிரேஸ்' இந்த அளவில் அமைந்தது. அளவும் நடையும் ஒத்த வேறு பாடலை அதே மெட்டில் பாடலாம். 8.7.8.7 என்ற அளவில் இரு நடையிலும் பாடல்கள் உண்டு. அதனால் சில நூல்கள் எண்ணோடு 'ஐயாம்பிக்', 'ட்ரோக்கைக்' என்றும் குறித்திருக்கும். நடை மாறினால் மெட்டின் தாள அடி தேய்ந்த சிலபிளில் போய் விழும்.