ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நிலம் வாங்குங்கள்

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "சார், என் இடத்துல இடுப்பளவு தண்ணி நிக்குது. எல்லைக்கல் ஒண்ணுகூடத் தெரியல. வந்து அளந்து காட்டுறீங்களா?"

சென்னையில் வேலை பார்ப்பவர். ஓய்வுக்குப் பிறகு ஊர்ப்பக்கம் வந்து தோட்டமும் சின்ன வீடுமாக இருக்கலாம் என்று இரண்டு வருடம் முன்பு 60 சென்ட் வாங்கியிருந்தார். வாங்கும்போது அது வேலிகாத்தான் மண்டிய காய்ந்த மேடு. பட்டா இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. பத்திரமும் செல்லும். ஆனால் கிராம வரைபடத்தை விரித்தால் பக்கத்து சர்வே எண் ஏரி, இவர் இடம் கரைக்கு உள்பக்கம். இதை நாங்கள் ஏரி உள்வாய் என்போம். ஏரி நிரம்பினால் தண்ணீர் வந்து நிற்கும் இடம் அது. தண்ணீர் வற்றிய வருடங்களில் கேழ்வரகோ கம்போ போட்டு எடுத்துக்கொள்வார்கள், அதற்குப் பட்டாவும் இருக்கும். பல ஊர்களில் உள்வாய்ப் பட்டா உண்டு. அது பயிர் வைக்கிற உரிமைதான். அங்கே வீடு நிற்கும் என்பதற்கு எந்தக் காகிதமும் பொறுப்பேற்காது.

நான் புவியியல் படித்துவிட்டு நில அளவைத் தொழிலுக்கு வந்தவன். வகுப்பில் விவசாய வகைகள் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். பெயர்ச்சாகுபடி, தன்தேவைச் சாகுபடி, வணிகச் சாகுபடி, தோட்டப் பயிர், மேய்ச்சல் என்று போகும். பரீட்சைக்குப் படித்த அந்தப் பாடத்தின் மதிப்பு, நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வேலூர் மாவட்டத்தின் ஊர்களில் நடந்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது தண்ணீர், மண், சந்தை இந்த மூன்றும்தான்.

எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்லலாம். பாலாற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. மழை கொட்டுகிற சில நாட்களில் ஓடுவதைப் பிடித்து வைத்தால்தான் நெல். அதனால் சரிவான நிலத்தில் கரை கட்டி ஏரி செய்தார்கள். வாலாஜா அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வாங்கும் காவேரிப்பாக்கம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. அளவில் சின்னதானாலும் மற்ற ஊர் ஏரிகளின் அமைப்பு ஒன்றேதான். கரைக்கு மேல்பக்கம் உள்வாய். அதற்கும் மேலே, தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால்வாயும் மேய்க்கால் நிலமும். கரைக்குக் கீழே மதகு, மதகுக்குக் கீழே, ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு நஞ்சை. நஞ்சைக்கு எட்டாத மேட்டில் புஞ்சை. ஏரி நிரம்பி வழிந்தால், அதாவது கோடி போனால், அந்தத் தண்ணீர் வீணாகாது, வாய்க்கால் பிடித்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஓர் ஊரின் வரத்துக்கால்வாயை மூடினால் கீழே வரிசையாக இருக்கிற ஏரிகள் எல்லாம் காயும்.

வரத்துக்கால்வாய்தான் எப்போதும் முதலில் பறிபோகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பத்து வருடம் தண்ணீர் வராத கால்வாய், பார்ப்பதற்கு ஒரு பள்ளம். பக்கத்து நிலக்காரர் ஏர் ஓட்டும்போது ஓரடி ஓரடியாக உள்ளே வருவார். பிறகு வண்டிப்பாதை ஆகும், அப்புறம் மனைப்பிரிவின் சாலை ஆகும். பெருமழை வரும்போது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வருகிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களிடமிருந்து மீட்கச் சொல்லி 2011இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எத்தனை வருடம் அனுபவித்தாலும் நீர்நிலைப் புறம்போக்கு உங்கள் சொத்தாகாது.

சரி, நஞ்சை புஞ்சைக்கு வருவோம். கிராமத்தின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தால் அங்கே நெல் விளைகிறது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். தீர்வை (நிலவரி) போட்ட காலத்தில் அதற்கு ஏரித் தண்ணீர் பாய்ந்தது என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது. இன்றைக்குக் குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் புஞ்சையில் ஆழ்துளைக் கிணறு போட்டு நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஆயக்கட்டு நஞ்சை புல் முளைத்துக் கிடக்கிறது. ஏரியை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் (சாகுபடிப் பருவமும்) பார்த்த நிலம் அது. பதிவேடு ஒரு காலத்தைச் சொல்லும், வயல் வேறொரு காலத்தில் நிற்கும். இரண்டையும் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

வான் தூனன் என்ற ஜெர்மானிய நிலக்கிழார் 1826இல் ஒரு கருத்தைச் சொன்னார். நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாக விவசாயம் அமையும்: சீக்கிரம் கெடுகிற பாலும் காய்கறியும் கிட்டத்தில், தானியம் தள்ளி, மேய்ச்சல் கடைசியில். வேலூரில் இது பாதி பலிக்கிறது. விடிவதற்குள் நேதாஜி மார்க்கெட்டுக்கு வந்தாக வேண்டிய கீரையும் பூவும் கிட்டத்து ஊர்களிலிருந்து வருகின்றன. வெட்டிய கரும்பில் நாளாக ஆகச் சர்க்கரைச் சத்து குறையும். அதனால் அம்முண்டி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைச் சுற்றிய ஊர்கள் கரும்புக்குப் போயின. தள்ளிப் போனால் மானாவாரி மணிலா (நிலக்கடலை). இன்னும் மேலே ஜவ்வாது மலையில் சாமை, புளி, பலா. அங்கே காட்டை வெட்டி எரித்து விதைத்த புனக்காட்டுச் சாகுபடி ஒரு காலத்தில் இருந்தது.

வளையம் உடைகிற இடமும் இருக்கிறது. இலவம்பாடி முள் கத்தரி அந்தப் பக்கத்து மண்ணோடு சேர்த்துப் பேர் எடுத்த பயிர். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அதற்கு விளக்கம் சொல்லாது. பாலாற்றங்கரை இன்னொரு உதாரணம், மனதுக்கு வருத்தமானது. நல்ல மண், கிட்டத்தில் சந்தை, ஆற்று ஊற்று எல்லாம் இருந்தும் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் முதற்கட்ட ஆய்வு சொன்னது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் தந்த தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்திய சட்டத்தில் ஊன்றியதில் நம் ஆற்றங்கரை வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் நிலம் பார்ப்பவர்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் முன்பணம் தரவேண்டாம்.

அடுத்தது தரிசு. இந்தச் சொல்லைத்தான் ஜனங்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிலப் பயன்பாட்டை அரசு ஒன்பது வகையாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறது. அதில் இந்த ஆண்டு மட்டும் பயிர் வைக்காதது நடப்புத் தரிசு. ஒன்றிலிருந்து ஐந்து வருடம் வரை சும்மா கிடப்பது பிற தரிசு. அதற்கும் மேல் போனால் சாகுபடிக்கு உகந்த தரிசு. மண் ஒன்றேதான், விட்டுவைத்த வருடங்கள்தான் அதற்கு வேறு வேறு பெயர் தருகின்றன. நான் பார்த்த பெரும்பாலான குடும்பங்களில் கதை ஒரே மாதிரி. பிள்ளைகள் ஓசூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். ஆள் கிடைக்காமல் ஒரு வருடம் விடுகிறார்கள். மோட்டார் பழுதாகிறது, கால்வாய் தூர்கிறது. அஞ்சாறு வருடம் கழித்து முள் மண்டியதும், "அது பாழ் நிலம்தானே" என்று அவர்களே சொல்கிறார்கள். தரகரும் அதையே சொல்லி விலையைக் குறைக்கிறார். மூன்று போகம் எடுத்த தாத்தாவின் நிலம் அது.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் தேவை அவரவருக்கு. நிலக் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. நிலம் வைத்திருப்பவர்கள், பயிர் வைத்தால் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) அது ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றோடு நிறுத்த வேண்டாம். உங்கள் எண்ணுக்கு மட்டுமல்லாமல் சுற்றியிருக்கும் எண்கள் எல்லாவற்றுக்கும் அ-பதிவேட்டு விவரம் எடுங்கள். இணையத்திலேயே கிடைக்கிறது. வாய்க்கால், ஏரி, மேய்க்கால் என்று ஒன்று வந்தாலும் கிராம வரைபடத்தை வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும், 40.5 ஏர் என்றால் ஓர் ஏக்கர். அப்புறம் ஊரில் ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பிவிட்ட வயதான நீர்கட்டி யாராவது இருந்தால் அவரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த மரம் வரை வரும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த 60 சென்ட்காரர் வீட்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார். தண்ணீர் இறங்கியதும் கற்களைத் தேடி நட்டுக்கொடுத்தேன். அடுத்த பட்டத்திலிருந்து பக்கத்துக்காரர் ஒருவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற பேச்சில், கேழ்வரகு போடுகிறார். ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நாட்கள் அவை. அந்த ஊர் வரத்துக்கால்வாயை அளந்து கல் நடச் சொல்லி அதில் 60 சென்ட்காரரும் ஊர்க்காரர்களும் மனு கொடுத்திருக்கிறார்கள். வரைபடத்தில் அந்தக் கால்வாயைச் சிவப்பு மையில் குறித்துக்கொடுத்தது நான்தான்.