ஃப்ளூட் வரிசையில் சுருதி ஏன் நழுவுகிறது?

எங்கள் சமூக இசைக்குழுவில் ஃப்ளூட் (மேலை நாட்டு உலோகப் புல்லாங்குழல்) வாசிக்கப் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே முழுக் கருவியையும் கொடுத்துவிட மாட்டோம். அதன் மூன்று துண்டுகளில் ஊதுதுளை இருக்கும் தலைத்துண்டை மட்டும் கழற்றிக் கொடுப்போம். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். துளைகளை மூடும் சாவி கிடையாது, விரல் வைக்க இடமும் கிடையாது. திறந்த முனையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஊதினால், உதடு சரியாக அமைந்த கணத்தில் ஏறக்குறைய 440 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் பிறக்கும். மேலை இசையில் அதற்கு 'ஏ' என்று பெயர். கையை எடுத்தால் ஒரு ஸ்தாயி ஏறி 880 பக்கம் போய் நிற்கும். மறுபடி பொத்திக்கொண்டு காற்றை வேகமாக விட்டால் 880 வராது, 1320-க்குத் தாவிவிடும்.

பள்ளியில் படித்த காற்றுத்தம்பப் பாடம்தான் இது. இரு முனையும் திறந்த குழாயில் அரை அலைநீளம் அடங்கும். ஒரு முனையை மூடிவிட்டால் கால் அலைநீளம் மட்டுமே அடங்கும். அப்போது அலை இரண்டு மடங்கு நீண்டு, அதிர்வெண் பாதியாகிவிடும். மூடிய குழாயில் ஒற்றைப்படை மேற்சுரங்களுக்குத்தான் இடம். அதனால்தான் 440-க்கு அடுத்தது நேராக 3 மடங்கு. மூன்று துண்டையும் பூட்டிய பிறகு ஃப்ளூட் இரு முனையும் திறந்த குழாய் ஆகிவிடுகிறது, ஊதுதுளையே அதன் ஒரு முனை. அங்கிருந்து கடைசி வரை சுமார் 60 சென்டிமீட்டர். எல்லாச் சாவியையும் மூடினால் 262 ஹெர்ட்ஸ். அதே விரல்களோடு காற்றை வேகப்படுத்தினால் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று படிப்படியாக ஏறலாம்.

சரி, ஒலி எங்கே பிறக்கிறது? ஊதிய காற்று குழாய்க்குள் நுழைந்து சத்தம் போடுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் உதட்டிலிருந்து மெல்லிய தகடுபோல வெளிவரும் காற்று, துளையின் குறுக்கே சில மில்லிமீட்டர் பறந்து எதிர் விளிம்பில் மோதுகிறது. ஒரு கணம் அது விளிம்புக்கு உள்ளே சாய்கிறது, மறுகணம் வெளியே சாய்கிறது. இப்படி ஆட்டுவது குழாய்க்குள் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் காற்றுத்தம்பம். அந்த ஆட்டம் திரும்பவும் தம்பத்துக்கே உந்துதல் தருகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல, காற்றுத்தகடு விளிம்பை அடையும் நேரமும் தம்பத்தின் அதிர்வும் பொருந்தினால்தான் சுரம் நிற்கும். கீழ்ச் சுரங்களுக்குக் காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் இருந்தால் போதும். உச்சச் சுரங்களுக்கு 60 மீட்டர் வரை வேண்டியிருக்கும். மேலே போகும்போது உதட்டை விளிம்பை நோக்கி நகர்த்துவதும் இதற்காகத்தான். தூரம் குறைந்தால் காற்று சீக்கிரம் போய்ச் சேரும்.

துளைக்கருவிக் குழுவில் கிளாரினெட், ஓபோ, சாக்ஸஃபோன் வாசிப்பவர்களுக்கு வாயில் கவ்விக்கொள்ள ஒரு நாணல் பட்டை இருக்கிறது. டிரம்பெட்காரருக்கு உதட்டைப் பதித்துக்கொள்ள ஊதுகிண்ணம் இருக்கிறது. ஃப்ளூட்டிலோ காற்று சில மில்லிமீட்டர் வெட்டவெளியில் தனியாகப் பறந்தாக வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில்தான் ஃப்ளூட்டின் அழகெல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதன் தொல்லைகளும் அங்கேதான். கருவி காற்றைத் தடுப்பதே இல்லை. அதனால் ஓபோக்காரர் மிச்சக் காற்றை எப்படி வெளியே விடுவது என்று தவிக்கையில், ஃப்ளூட்காரர் அடுத்த மூச்சுக்குத் தவிப்பார். புதியவருக்கு ஐந்து நிமிடத்தில் தலை சுற்றும். மூச்சை மளமளவென்று வெளியேற்றுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்குகின்றன. பயப்பட வேண்டாம், கருவியை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் இயல்பாக மூச்சு விடுங்கள் என்று சொன்னால் சரியாகிவிடும். பழகப் பழக உதட்டுத் துவாரம் சிறுத்துக்கொண்டே வரும், காற்றும் மிச்சமாகும்.

இனி சுருதிக்கு வருவோம். ஒத்திகை தொடங்கும்போது எல்லோரும் 'பி ஃபிளாட்' என்ற சுரத்தை ஊதிச் சுருதி சேர்க்கிறோம். பத்து நிமிடத்தில் அது கலைந்துவிடுகிறது. முதல் காரணம், உரக்க ஊதினால் ஃப்ளூட்டின் சுருதி ஏறும், மெல்ல ஊதினால் இறங்கும். காற்றின் வேகம் மாறும்போது விளிம்பைத் தொடும் நேரமும் மாறுகிறது, சுரமும் கூடவே நகர்கிறது. கிளாரினெட்டில் இது தலைகீழ். உரக்க ஊதினால் அதன் சுருதி இறங்கத்தான் பார்க்கும். இந்த இரண்டும் பல இசைக்குழுக்களில் முன்வரிசையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து ஒரே மெட்டை வாசிக்கின்றன! மெட்டு மெல்ல மெல்ல உரத்துக்கொண்டே போகும் இடத்தில், இரண்டு தரப்பும் கவனிக்காவிட்டால் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் பிரிந்து போகும். யார்மீதும் தப்பில்லை, இரண்டு கருவிகளும் தத்தம் இயல்புப்படிதான் நடந்துகொள்கின்றன. ஆகவே சத்தம் கூடும்போது ஃப்ளூட்காரர் காற்றைச் சற்றே கீழ்நோக்கித் திருப்பி, உதட்டால் துளையை இன்னும் கொஞ்சம் மூட வேண்டும். மெல்ல முடியும் இடத்தில் காற்றின் திசையை உயர்த்த வேண்டும். 'தாடையைக் கொஞ்சம் முன்னால்' என்று ஆசிரியர் சொல்வதன் பொருள் இதுதான்.

இன்னொரு காரணம் வெப்பம். காற்று 10 டிகிரி சூடானால் அதில் ஒலியின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் கூடும். குழாய்க்குள் இருக்கும் காற்று அவ்வளவு சூடானால் 440 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 447-க்குப் போய்விடும். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த பங்குக்கு 'சென்ட்' என்று பெயர். அந்தக் கணக்கில் இது சுமார் 30 சென்ட், யார் காதிலும் உறுத்தும். நாற்பது தாளக்கட்டு ஓய்வு என்று எழுதியிருந்தால் மெல்லிய உலோகக் குழாய் அதற்குள் குளிர்ந்துவிடும். அனுபவசாலிகள் தங்கள் இடம் வருவதற்கு இரண்டு தாளக்கட்டு முன்பே சாவிகளை மூடி, சத்தமில்லாமல் உள்ளே வெதுவெதுப்பாக ஊதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் மாணவர் இதை யாரும் சொல்லாமலே பார்த்துக் கற்றுக்கொள்வார்.

தலைத்துண்டை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். ஆனால் எல்லாச் சுரமும் சமமாக இறங்காது. 3 மில்லிமீட்டர் என்பது நீண்ட குழாய்க்குச் சின்னப் பங்கு, மேல் துளைகள் திறந்திருக்கும் குறுகிய குழாய்க்குப் பெரிய பங்கு. அதனால் இழுத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருக்க முடியாது. தலைத்துண்டின் மூடிய முனைக்குள் ஒரு தக்கையும் இருக்கிறது. ஊதுதுளையின் நடுவிலிருந்து 17 மில்லிமீட்டரில் அது நிற்க வேண்டும். துடைக்கும் கம்பியின் முனையில் இருக்கும் கோடு இந்த அளவைச் சரிபார்க்கத்தான். அந்த முனையின் தொப்பியைச் சும்மா திருகி விளையாடினால் தக்கை நகர்ந்து, ஸ்தாயிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும்.

இன்றைய ஃப்ளூட்டின் உருளைக் குழாயும் பெரிய துளைகளும் மியூனிக்கைச் சேர்ந்த தியோபால்ட் போம் 1847-இல் அமைத்தவை. பொற்கொல்லராகவும் ஃப்ளூட் கலைஞராகவும் இருந்தவர் அவர். துளைகளை விரலுக்கு வசதியான இடத்தில் வைக்காமல் ஒலியியல் கேட்கும் இடத்தில் வைத்தார். எட்டாத துளைகளை மூடுவதற்குத்தான் அத்தனை சாவிகள். வெள்ளியில் வாங்கலாமா, தங்க முலாம் நல்லதா என்று புதியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில் வெள்ளி, தாமிரம், மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல்கள் செய்து ஊதிக் காட்டினார். கேட்டவர்களால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பணத்தைத் தலைத்துண்டின் துளை நேர்த்திக்கும், காற்றுக் கசியாத சாவி மெத்தைகளுக்கும் கொடுங்கள் என்பேன்.

சமூக இசைக்குழுவில் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வதால் ஃப்ளூட் வரிசை நீண்டுவிடும். 1952-இல் ஃபிரெடரிக் ஃபென்னல் தொடங்கிய ஈஸ்ட்மன் காற்றிசைக் குழுவின் கொள்கை ஒரு பகுதிக்கு ஒருவர். நம் வழி வேறு, எட்டுப் பேர் சேர்ந்து ஊதுவோம். எட்டுப் பேர் என்பதால் சத்தம் எட்டு மடங்காகக் கேட்காது. ஒலியளவை டெசிபலில் அளப்பார்கள், ஆள் இரட்டிக்கும்போதெல்லாம் 3 டெசிபல்தான் கூடும். எட்டுப் பேருக்கு 9 டெசிபல். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். ஆகவே கீழ் ஸ்தாயியில் எத்தனை பேர் ஊதினாலும் கொம்புகளும் கிளாரினெட்டுகளும் மூடிவிடும். ஆனால் பிக்கலோ என்னும் குட்டி ஃப்ளூட் ஒன்றே ஒன்று அறுபது பேரைத் தாண்டிக் கேட்கும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் அதன் மேல் ஸ்தாயி இருக்கிறது. எட்டுப் பேர் இருப்பதில் வேறொரு நன்மை உண்டு. ஆளுக்கொரு இடத்தில் மூச்சு எடுத்தால் நீண்ட சுரத்தில் வெட்டே தெரியாது. 'அவர் எடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள்' என்று தாளில் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுவோம்.

காதைப் பழக்குவதற்கு மாணவரையும் ஆசிரியரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒருவர் 440, மற்றவர் 443 என்றால் விநாடிக்கு மூன்று முறை ஒலி விம்மும். மாணவர் உதட்டை மெல்ல உருட்டும்போது விம்மல் இரண்டாகும், ஒன்றாகும், பிறகு நின்றுபோகும். சுருதியை அளந்து காட்டும் கருவிமானியின் முள்ளைப் பார்த்துச் சேர்க்கும்போது இந்த அனுபவம் கிடைக்காது.

அடுத்த பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. நான் 1046 ஹெர்ட்ஸில் மேல் 'சி' பிடிப்பேன். மாணவர் அதற்கு மேலே 'ஈ' பிடிப்பார். கருவிமானிப்படி அது 1318. இரண்டின் வித்தியாசம் 272. அந்த 272 ஹெர்ட்ஸ் எந்தக் குழாயிலும் இல்லை, இரண்டு உரத்த ஒலிகள் சேரும்போது காதே அதை உண்டாக்குகிறது. காதோரம் ஒரு வண்டு ரீங்கரிப்பதுபோல, கொஞ்சம் கோணலாகக் கேட்கும். 'கொஞ்சம் இறக்குங்கள்' என்று கண்ணால் காட்டுவேன். அவர் சுமார் 14 சென்ட் இறங்கி 1308-க்கு வரும்போது ரீங்காரம் 262-க்கு நழுவும். நான் ஊதும் 'சி'க்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே அது போய் உட்காரும். அந்த இடத்தில் மாணவர்கள் அநேகமாக ஊதுவதை நிறுத்திவிட்டு, கீழ்ச் சுரத்தை வாசித்தது யார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.