எறும்புக் கூட்டில் வேலை சொல்வது யார்?

ராணி எறும்பு என்றதும், அது நடுவில் உட்கார்ந்து மற்ற எறும்புகளை வேலை வாங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பெயர் செய்த வேலை அது. ராணி யாருக்கும் உத்தரவு போடுவதில்லை; ஆயுள் முழுக்க முட்டைதான் இடுகிறது. சிறகோடு வெளியே கிளம்பும் இளம் ராணி ஆண்களோடு கூடிப் பெற்ற விந்தை வயிற்றில் ஒரு சிறு பையில் சேமித்துக்கொள்கிறது. பல ஆண்டுகளுக்கு அதுவே போதும். அப்புறம் சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்துவிடும். பல இனங்களில், முதல் புழுக்கள் வளர்ந்து ஆளாகும்வரை ராணிக்குச் சாப்பாடே கிடையாது. இனிப் பறக்கப் போவதில்லை என்பதால், சிறகை அசைத்த தசைகளையே கரைத்துப் புழுக்களுக்கு ஊட்டுகிறது.

ஆண் எறும்புகள் கூடல் முடிந்ததும் சீக்கிரமே செத்துப்போகும். நாம் பார்க்கும் வரிசையில் சாரை சாரையாகப் போவது அத்தனையும் பெண்கள்தான்.

சரி, இவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது யார்? வயது ஒரு பங்கு பிரித்துவிடுகிறது. பெரும்பாலான இனங்களில் இளசுகள் உள்ளேயே இருந்து முட்டையையும் புழுக்களையும் கவனிக்கும். வயதானவைதான் இரை தேடி வெளியே போகும். உயிருக்கு ஆபத்தான வேலை கடைசிக் காலத்துக்கு என்று வைத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்புதான்.

மீதியை முடிவு செய்வது வாசனை. எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகளைக் குனிந்து பாருங்கள். ஒரு கணம் நின்று, உணர்கொம்பால் ஒன்றையொன்று தடவிவிட்டு நகரும். உடம்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று இருக்கிறது. வெயிலில் அலைந்தவற்றின் வாசனை, உள்ளே இருப்பவற்றின் வாசனையிலிருந்து மாறிப்போகும். எதிரில் வந்தது என்ன வேலை செய்கிறது என்பது அந்தத் தொடுதலிலேயே தெரிந்துவிடும்.

அரிசோனா பாலைவனத்தில் விதை பொறுக்கும் எறும்புகளை டெபோரா கார்டன் என்ற உயிரியலாளர் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவருகிறார். அங்கே காலையில் முதலில் சில ரோந்து எறும்புகள் வெளியே போகும். அவை பத்திரமாகத் திரும்பிவந்தால்தான் விதை தேடுபவை கிளம்பும். ஒருநாள் ரோந்து எறும்புகளைத் திரும்பவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவற்றின் வாசனையைப் பூசிய சின்னக் கண்ணாடி மணிகளை, 10 நொடிக்கு ஒன்றாக, வாசலுக்குள் போட்டார்கள். விதை தேடுபவை கிளம்பி வந்துவிட்டன! வாசனை மட்டும் போதாது, அது எவ்வளவு அடிக்கடி வந்து தொடுகிறது என்பதும் கணக்கு. பகலிலும் இதே முறைதான்: விதையோடு திரும்புபவை மளமளவென்று வந்தால், உள்ளே காத்திருப்பவையும் வேகமாகக் கிளம்பும்.

செத்த எறும்பை அடையாளம் காண்பதும் வாசனையால்தான். உடல் அழுகும்போது ஒலியிக் அமிலம் சேர்கிறது. அந்த வாடை வந்ததும் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டுவிடும். 1950-களில் எட்வர்ட் வில்சன் என்ற எறும்பு ஆய்வாளர் அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேல் தடவிப் பார்த்தார். காலை உதறித் திமிறியும் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டன. அது திரும்பி வந்தது. மறுபடியும் தூக்கிப் போட்டன. தன்னைத் தானே நக்கி அந்த வாடை போன பிறகுதான் கூட்டுக்குள் விட்டன.