தட்டை விரிப்பும் வளைந்த தரையும்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுக் கார்பெட் வாங்கியவருக்கு முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். பெட்டிக்குள் வாரக்கணக்கில் மடிந்து கிடந்த விரிப்பு, வெளியே எடுத்ததும் நான்கு மூலைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும். காருக்குள் வைத்தால் பெடல்களுக்குக் கீழே மடிப்பு விழும். நடு மேட்டின் ஓரத்தில் தகட்டைத் தொடாமல் பந்தல்போல் தொங்கும். அளவு தவறிவிட்டது என்று திருப்பி அனுப்பத் தோன்றும். பெரும்பாலும் அளவில் குறை இருக்காது. விரிப்புக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை, அவ்வளவுதான்.

அந்த நடு மேட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முன்னால் இன்ஜின் வைத்த ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநர் தரையோடு தரையாகத்தான் உட்காருகிறார். கியர் பெட்டிக்கும், அங்கிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டுக்கும் அவருக்கு அடியில் இடமில்லை. எனவே அவை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மேட்டுக்குள் ஓடுகின்றன. மேட்டின் பின்பாதி சாதுவானது. ஒரே திசையில் வளைந்தது. ஒரு தாளை வளைத்தே அதை மூடிவிடலாம். முன்பாதியில்தான் வம்பு. கியர் பெட்டி இன்ஜினோடு சேரும் இடத்துக்காக மேடு புடைத்து விரிகிறது; இன்ஜினையும் உட்புறத்தையும் பிரிக்கும் முன்சுவரைத் தொடும் இடத்தில் குதிரைச் சேணம்போல இரண்டு திசைகளிலும் வளைகிறது. தட்டையான ஒன்றை நீட்டாமலும் சுருக்காமலும் இத்தகைய பரப்பின்மேல் படியவைக்கவே முடியாது என்பது கணித மேதை கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் 1827-ல் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. உரித்த ஆரஞ்சுத் தோலை மேசைமேல் தட்டையாக அழுத்தினால் கிழிவது இதனால்தான். கார்பெட் கிழியாது, மடிப்பு விழும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தையற்காரர் வழி: துண்டு துண்டாக வெட்டி, வளைவுக்கேற்பக் கிள்ளிப் பிடித்துத் தைத்து, ஓரங்களுக்குப் பட்டி கட்டுவது. 1960-களின் பிரிட்டிஷ் திறந்த கார்கள் பலவற்றில் இப்படித்தான் செய்திருந்தார்கள். மற்றொன்று, அச்சு வழி. கார்பெட்டின் முதுகில் பாலிஎத்திலீன் போன்ற ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அது இளகும்வரை சூடாக்கி, குளிர்ந்த அச்சுக்குள் வைத்து அழுத்துகிறார்கள். நீள வேண்டிய இடம் நீளும், ஒடுங்க வேண்டிய இடம் ஒடுங்கும். ஆறியதும் பூச்சு அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். காஸ் தடுத்தது நீட்டாமல் மூடுவதைத்தான். நீட்டி மூடுவதை அவர் தடுக்கவில்லை.

பெட்டிக்குள் விழுந்த மடிப்பும் அதே பூச்சில் பதிந்த இன்னொரு வடிவம். அதனால் மருந்தும் வெப்பமே. புதுக் கார்பெட்டைச் சில மணி நேரம் வெயிலில், முதுகு மேலாக விரித்துப் போடுங்கள். கறுப்பு முதுகு நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டில் பாலிஎத்திலீன் உருகாது; உருக 100 டிகிரி செல்சியஸுக்கும் மேலே போக வேண்டும். ஆனால் உள்ளே சிக்கிய இழுப்பும் அழுத்தமும் மெல்லத் தளர்ந்து, மடிப்பு தானாகவே பாதி இறங்கிவிடும். மீதியைக் காருக்குள் வைத்து, கையால் தடவித் தடவிப் படியவைக்கலாம். சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டிக்கொண்டு நிற்பவர்கள், அச்சு கொடுத்த வடிவத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

மேற்பக்க இழையின் கதை வேறு. நசுங்கிப்போன நைலான் இழைகளை நிமிர்த்த வெறும் சூட்டைவிட நீராவி நன்றாக வேலை செய்யும். காய்ந்த நைலானின் மூலக்கூறுகள் அசைந்துகொடுக்க ஏறக்குறைய 50 டிகிரி வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. சங்கிலிபோல் நீண்ட அந்த மூலக்கூறுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால், அந்த வரம்பு அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடும். நீராவி சூட்டையும் ஈரத்தையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. ஆறி உலரும்வரை இழையை நிமிர்த்திப் பிடித்திருந்தால் அப்படியே நிற்கும். கார்பெட்டில் வரும் இன்னொரு பிளாஸ்டிக் இழையான பாலிபுரொப்பிலீனிடம் இந்த வித்தை பலிக்காது. அது ஈரத்தை ஏற்றுக்கொள்வதே இல்லை.

கையில் இருப்பது எது என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையைக் கத்தரித்து, ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்ட தண்ணீரில் நன்றாக அமுக்கி நனைத்து விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும்; நைலான் மூழ்கும். இன்னோர் இழையை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் கம்பளி தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும், ரேயான் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், நைலான் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ரேயான் நனைந்தால் தன் வலுவில் பாதியளவு இழக்கும். ரேயான் கலந்த பழைய கார்பெட்டுகள் ஈரமான குதிகால் படும் இடத்தில் முதலில் தேய்வதில் வியப்பில்லை.

என்னைக் கேட்டால், கார்பெட் மாற்றும் வேலையில் கார்பெட்டே சிறிய பங்கு. பெரிய பங்கு அதற்கு அடியில் இருக்கிறது. பழைய சணல் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்: மேலே உலர்ந்திருக்கும், அடியில் ஈரம். முன்கண்ணாடி ரப்பரிலோ கதவு ஓரத்திலோ கசிந்த நீரை மெத்தை உறிஞ்சி, காற்றோட்டமில்லாமல் தகட்டோடு அணைத்து வைத்திருக்கிறது. துருவுக்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. எத்தனை நாள் காயவைத்தாலும் உலராமல், தொட்டால் வழுக்கலாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது மழைநீர் அல்ல. ஹீட்டரின் சிறு ரேடியேட்டரிலிருந்து கசிந்த கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் லேசில் ஆவியாகாது. போதாததற்குக் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கசிவை அடைக்காமல் புது விரிப்பைப் போடுவது வீண்செலவு.

"கார்பெட் போட்டால் சத்தம் குறையும்" என்பதும் பாதி உண்மைதான். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் இழைக்கு அதை விழுங்கும் வாய் இல்லை. கீச்சொலிகளைத்தான் அது தின்னும். உறுமலைத் தடுப்பது எடை: ஒரு தடுப்பின் பரப்பெடையை (ஒரு சதுர மீட்டருக்கான எடையை) இரட்டித்தால் கடக்கும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அதைவிடச் சிக்கனமான உத்தி, தகட்டின்மேல் மென்மையான நுரை, அதன்மேல் கனமான ரப்பர் போன்ற ஒரு தாள், அதற்கும்மேல் கார்பெட். நுரை வில்லாகவும் தாள் எடையாகவும் செயல்பட்டு, தகட்டின் அதிர்வு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்கின்றன. நுரை கெட்டியாகிவிட்டால் வில் போய்விடும். ஆனால் அளவோடு நிறுத்துங்கள். பெடலுக்கு அடியில் மெத்தை தடித்துவிட்டால் பெடல் முழுதாக அமுங்காது.

பசை விஷயத்தில் ஒரு சுவையான உறவு உண்டு. விரிப்பை ஒட்டப் பரவலாகப் பயன்படும் தொடுபசையின் உயிர் நியோப்ரீன் ரப்பர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோத்தர்ஸின் குழு அதை 1930-ல் கண்டது; 1935-ல் அதே குழு நைலானைச் செய்தது. ஐந்து வயது வித்தியாசத்தில் பிறந்த உடன்பிறப்புகள் பழைய கார்களின் தரையில் மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு பரப்பிலும் தடவி, கரைப்பான் பறந்து, விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். பட்டதும் பிடித்துவிடும், நகர்த்தித் திருத்த முடியாது. கதவுகள் திறந்தே இருக்கட்டும், அந்த ஆவி மூளைக்கு ஆகாது. தட்டையான தரைப்பகுதியில் பசையே வேண்டாம். நாளைக்கு ஈரம் புகுந்தால் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, இருக்கை போல்ட்டுகளுக்கான துளைகள். கண்ணி வைத்த, அதாவது இழை நுனிகளை வெட்டாமல் வளையங்களாகவே விட்ட கார்பெட்டில் நான் ஒருமுறை டிரில் வைத்தேன். அதில் ஒரு வரிசை முழுவதும் ஒரே நூல் என்பது அப்போது மூளைக்கு எட்டவில்லை. டிரில் நூலைக் கவ்வி, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உருவிச் சுருட்டிக்கொண்டது. விரிப்பின் நடுவே வழுக்கைக் கோடு. இப்போது காருக்கு அடியில் படுத்து, பழைய துளை வழியாக ஊசியை மேலே குத்தி இடத்தைக் கண்டுகொள்கிறேன். பிறகு மேலிருந்து, சூடேறிய சால்டரிங் அயர்ன் முனையை அங்கே இறக்குகிறேன். நைலான் உருகி, துளையின் விளிம்பு தானே முத்திரை வைத்ததுபோல் மூடிக்கொள்கிறது. ஒரு நூலும் பிரிவதில்லை. கம்பளி விரிப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அது உருகாமல் கருகும்.