கிணற்றுப் பாறையும் பார்க்கிங் தூணும்

கொங்கு நாட்டில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், பல தோட்டங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடும். அப்புறம் வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். இத்தனை கெட்டியான பூமி ஆடுமா? ஆடியிருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று, ஊரே தூங்கிக்கொண்டிருந்த பின்னிரவில், கோவை வட்டாரத்தில் வந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது.

நம் நாட்டைச் சுமக்கும் பெரும் பாறைப் பலகையான இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த நெருக்குதல் இமயமலையோடு நின்றுவிடாமல் தீபகற்பத்துப் பாறைகளுக்குள்ளும் சேர்கிறது. எங்கே பாறை முன்பே முறிந்து பலவீனமாக இருக்கிறதோ அங்கே திடீரென்று வழுக்கும். மோயாறு, பவானி, பாலக்காட்டுக் கணவாய் என்று அப்படிப்பட்ட மிகப் பழைய முறிவு மண்டலங்கள் நம் நிலத்தடியில் ஓடுகின்றன.

வழுக்கியதும் அலைகள் கிளம்பும். முதலில் வருவது ஒரு குலுக்கல், ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். சில நொடிகள் கழித்து வரும் இரண்டாம் அலைதான் கட்டடத்தைப் பக்கவாட்டில் ஆட்டும். பழைய கெட்டிப் பாறை அலையை அதிகம் உறிஞ்சாது, அதனால் அதிர்வு வெகுதூரம் போகும். இளகிய மண்ணுக்குள் நுழைந்தால் அலை வேகம் குறைந்து, ஆட்டம் பெருகும். பாறை மேல் நிற்கும் வீட்டைவிட, தூர்த்த குளத்தின் மேல் நிற்கும் வீடு கூடுதலாக ஆடுவது இதனால்தான்.

கோவை, திருப்பூரில் எனக்குக் கவலை தருபவை தரைத்தளத்தைப் பார்க்கிங்குக்கு விட்ட அடுக்குமாடிகள். மேலே எல்லா மாடியிலும் சுவர், கீழே வெறும் தூண். பக்கவாட்டு ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களில் வந்து குவியும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பக்கம் பூமி நடுங்கியபோது, 200 கி.மீ.க்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் சரிந்தன.

தூணைக் காப்பாற்றுவது ஒரு சின்ன வளைவு. நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையைப் பல இடங்களில் 90 டிகிரியோடு விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தில் கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்தால் அந்த முனை விரிந்துவிடும், நெடுங்கம்பி வெளியே பிதுங்கும். 135 டிகிரிக்கு வளைத்து உள்ளே செருகினால் தூணின் உள் கான்கிரீட்டே அதைப் பிடித்துக்கொள்ளும். வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போய், ஒவ்வொரு தூணிலும் இந்த முனையைப் பாருங்கள். போட்ட பிறகு பார்க்க வழியில்லை.