நெஞ்சு எரிச்சல் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்: பெண்களுக்கு வரும் மாரடைப்பு

நெஞ்சு கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, குமட்டுகிறது என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால் முதலில் வருவது சோடாவோ சீரகத் தண்ணீரோதான். இதையே ஒரு ஆண் சொன்னால் உடனே வண்டியை எடுக்கிறார்கள். பெண்களுக்கு மாரடைப்பு அபூர்வம் என்ற நினைப்பே இதற்குக் காரணம். உண்மையில் உலக அளவில் பெண்களின் உயிரிழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இதய, ரத்தக்குழாய் நோய்களால்தான் நேர்கிறது. எந்தப் புற்றுநோயும் இதன் அருகில்கூட வராது.

பெண்களுக்கு நெஞ்சுவலியே வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் தவறு. நெஞ்சில் அழுத்தம், இறுக்கம்தான் அவர்களுக்கும் முக்கிய அறிகுறி. அதோடு தாடை வலி, நடுமுதுகு வலி, மூச்சு வாங்குதல், குமட்டல், விளங்காத அசதி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும். சுகர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். மாடி ஏறும்போதோ தண்ணீர்க் குடம் தூக்கும்போதோ அழுத்தம் வந்து, உட்கார்ந்த சில நிமிடங்களில் விட்டுப்போனால் அதை கேஸ் என்று ஒதுக்கக் கூடாது. நெஞ்செரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பின்போ படுத்த பின்போதான் வரும். நடைக்கும் அதற்கும் தொடர்பிருக்காது.

"இசிஜி நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஒரு இசிஜி பதிவு செய்வது சுமார் 10 விநாடிகளை மட்டுமே. தொடக்கத்தில் மாற்றம் தெரியாமல் போகலாம். வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடியும் எடுக்க வேண்டும். இதயத்தின் பின்சுவரில் அடைப்பு என்ற சந்தேகம் இருந்தால் முதுகுப் பக்கமும் லீட் (உடம்பில் ஒட்டும் இசிஜி இணைப்பு) வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கூச்சத்தால் உடையை விலக்காமல், மார்பகத்தின் மேலேயோ இடம் தள்ளியோ லீடுகளை ஒட்டிவிடுவது நடக்கிறது. இடம் மாறினால் பதிவும் மாறும். இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோலவும் காட்டலாம். பெண் ஊழியரைக் கேளுங்கள், திரை போடச் சொல்லுங்கள், ஆனால் லீடு உரிய இடத்தில் இருக்கட்டும். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்கும் பரிசோதனையும் அப்படித்தான். வலி தொடங்கிய அரை மணியில் எடுத்த ரத்தத்தில் அது ஏறாமல் இருக்கலாம். பரிசோதனையின் வகையைப் பொறுத்துச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும்.

ஆஞ்சியோவில் (இதயக் குழாய்களில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) அடைப்பு இல்லை என்றால் இதயத்தில் கோளாறே இல்லை என்பதும் சரியல்ல. அதில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டுமே. மயிரிழை போன்ற நுண்குழாய்கள் சரியாக விரியாததாலும் வலி வரும். பெண்களிடம் இது அதிகம். குழாயின் உட்சுவர் தானாகக் கிழிந்து வரும் மாரடைப்பில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அது பிரசவமான சில வாரங்களிலும் வரக்கூடும். கொழுப்பும் இல்லை, வயதும் இல்லை என்று பச்சை உடம்புக்காரியின் நெஞ்சுவலியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

மாதவிலக்கு இருக்கும்வரை பயமில்லை என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தரும் அந்தச் சாதகத்தைச் சர்க்கரை நோய் பெருமளவு பறித்துவிடுகிறது. இதயத்தைக் காப்பதற்கென்றே ஹார்மோன் மாத்திரை எடுப்பதும் வேண்டாம். 2002இல் வெளியான அமெரிக்காவின் பெரிய ஆய்வு அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டது.

எங்கள் கவலை அதிகம் கர்ப்பகால அட்டையைப் பற்றியது. கர்ப்பத்தில் பிரஷர் 140/90ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் வந்திருந்தால், பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பிரசவத்தோடு பிரஷர் இறங்கிவிட்டாலும் இந்த ஆபத்து போவதில்லை. அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பிரசவமான ஆறாவது வாரத்தில் பிரஷர் பார்த்து, பிறகு ஆண்டுக்கொரு முறை தொடருங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள், வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரச் சர்க்கரைச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். நாற்பது வயதில் நெஞ்சுவலி என்று வரும்போது இந்த விவரத்தை நீங்களே சொல்லுங்கள். கேட்க மறக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் சமையலை முடித்துவிட்டு, அவர் வந்ததும் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். உட்காருங்கள், 108ஐ அழையுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பைக்கில் உட்கார்ந்து போகாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர்கள் 300 மில்லிகிராமை மென்று விழுங்கலாம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; அதே டோஸை இரண்டாம் முறை கொடுத்துவிடக் கூடாது.